கழுதை போன வழியில் சூப்பும் படுக்கையும்

1878 செப்டம்பரில், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்ற இருபத்தேழு வயது ஸ்காட்லாந்துக்காரர், பிரான்சின் நடுத்தெற்கில் உள்ள லு மொனாஸ்டியே ஊரில் ஒரு பெண் கழுதையை வாங்கினார். விலை 65 பிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும். அதற்கு மொடஸ்டீன் என்று பெயரிட்டு, மூட்டையை அதன் முதுகில் ஏற்றி, பன்னிரண்டு நாளில் செவென் மலைகளைத் தாண்டிச் சேன்-ஜான்-து-கார் வரை நடந்தார். மறு ஆண்டே அது புத்தகமாயிற்று. அந்தத் தடம் இன்று ஜி.ஆர். 70 என்ற நெடுந்தூர நடைபாதை. மரத்திலும் பாறையிலும் தீட்டிய சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். வடக்கே லு பூய் நகரம், தெற்கே அலேஸ் என்று இரண்டு முனையிலும் நீட்டியதில் சுமார் 270 கிலோமீட்டர்.

இந்த வழியில் ஹோட்டல் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கால்கள்தான் தீர்மானித்திருக்கின்றன. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து முழங்கால் முனகத் தொடங்கும்போது ஓர் ஊர் வரும். அதில் ஒரு ஹோட்டலோ இரண்டோ இருக்கும். கல் சுவர், மரச் சன்னல் கதவுகள், மேலே சில அறைகள், கீழே சாப்பாட்டுக்கூடம். பல இடங்களில் முதலாளியேதான் சமையல்காரர். ‘தெமி-பான்சியோன்’ என்று கேட்டுப் பதிவு செய்தால் இரவுச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு மூன்றும் ஒரே கட்டணத்தில் அடங்கும். இரவில் எல்லாருக்கும் ஒரே நேரம், பெரும்பாலும் ஒரே சமையல். விருப்பப்படி கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தும். என்னைக் கேட்டால், இந்த ஹோட்டல்களின் வசீகரமே அதில்தான் இருக்கிறது. காலையில் ஏற்றத்தில் உங்களை முந்திப்போன தம்பதி இரவில் பக்கத்து மேசையில் கால் விரலுக்குப் பிளாஸ்திரி தேடிக்கொண்டிருப்பார்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.

முதல் கட்டம் வெலே பீடபூமி, எரிமலை நிலம். வீடுகளின் கல்லும் கருமை. லு பூய்யின் பச்சை நிற லென்டில் பயறு விளையும் மண் இது. மைசூர்ப் பருப்புப் போலக் குழையாமல், வெந்தும் முழுசாகத் தட்டில் நிற்கும். ஆனால் அதன்மேல் ஒரு பன்றித் தொத்திறைச்சி படுத்திருக்கும். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. குடே என்ற ஊரில் லுவார் நதியைக் கடந்து மேலேறினால் லு பூஷே. அங்கே விடுதியில் ஸ்டீவன்சனுக்குக் கிடைத்தது இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை. இன்னொரு கட்டிலில் ஒரு கணவன், மனைவி, குழந்தை. நகர மறுத்த மொடஸ்டீனுக்கு ஒரு தார்க்குச்சி செய்து கொடுத்தவரும் அந்த விடுதிக்காரர்தான்.

பிரதேல், லாங்கோன் இரண்டையும் தாண்டினால் ஜெவோதான். 1764 முதல் 1767 வரை ஒரு கொடு விலங்கு மனிதர்களைக் கொன்று திரிந்த பகுதி. இங்கே இருட்டில் வழி தவறிய ஸ்டீவன்சன் ஒரு கதவைத் தட்டி வழிகாட்டக் கேட்டார். வீட்டுக்காரர் வாசலைத் தாண்டி வர மறுத்துவிட்டார். அன்றிரவு காட்டில்தான் தூக்கம், தானே வடிவமைத்த தூங்கு பைக்குள். வழியெங்கும் விடுதிகள் கதவு திறந்து வைத்திருக்கும் இன்றைய நிலையைப் பார்க்கும்போது, அந்த வீட்டுக்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நோத்ர்-தாம்-தே-நேஜ் மடத்தில் அவரை டிராப்பிஸ்ட் துறவிகள் உபசரித்தார்கள். 2022இல் அந்தத் துறவிகள் வெளியேற, சிஸ்டெர்சியன் கன்னியாஸ்திரீகள் வந்திருக்கிறார்கள். அடுத்து ஷஸராதே ஊர் விடுதியில் ஸ்டீவன்சனோடு சேர்த்து நான்கு கட்டிலுக்கு ஆறு பேர். உடன் தங்கியவர்களில் ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்தவர்களும் உண்டு. அந்தப் பாதை பிறகு உண்மையிலேயே வந்தது. மிராந்தோல் வளைவுப் பாலத்தின்மேல் போகிறது.

அடுத்தது மோன் லோசேர். பினியேல் உச்சி 1,699 மீட்டர். மரமற்ற மேடு, பனியில் தடம் மறைந்தாலும் தெரியும்படி நட்ட கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கும். சுற்றுக் கிராமங்களில் புயல் மணிக்கூண்டுகள் உண்டு. பனிப்புயலில் வழி தெரியாதவர்களை ஓசையால் ஊருக்கு இழுக்க மணிக்கணக்கில் அவற்றை அடிப்பார்களாம். ஹோட்டலுக்கு இதைவிடப் பழைய விளம்பரம் கிடையாது.

மறுபக்கம் இறங்கினால் தார்ன் நதிக்கரையில் போன்-து-மோன்வேர். உலகமே வேறு. 1702 ஜூலையில் இந்த ஊரில் ஷைலா பாதிரியாரைப் புராட்டஸ்டன்ட் கிளர்ச்சியாளர்கள் கொன்றதில்தான் கமிசார் போர் தொடங்கியது. புராட்டஸ்டன்டாக வளர்ந்த ஸ்டீவன்சன் இங்கே சொந்த ஊருக்கு வந்தவர்போல உற்சாகமானார். விடுதியின் பொதுமேசையில் பரிமாறிய கிளாரிஸ் என்ற பெண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதிவைக்கும் அளவுக்கு.

புளோராக்கை நின்று பார்க்கலாம். 1970இல் உருவான செவென் தேசியப் பூங்காவின் தலைமையகம் அங்கேதான். பிறகு பாதை 1968இல் மூடிய ஒரு குறுகிய ரயில் தடத்தை ஒட்டிப் போகும். இனிக் கருங்கல் வீடுகள் குறைந்து, பலகை பலகையாகப் பிளக்கும் தகட்டுப்பாறை வீடுகள். பயறு போய்ச் செஸ்ட்நட் வருகிறது, சூப்பிலும் ஜாமிலும். கூடவே பெலார்தோன் என்ற சிறிய வட்ட ஆட்டுப்பால் சீஸ்.

2020இல் வந்த ‘அந்த்வானெத் தான் லே செவென்’ படத்துக்குப் பிறகு கழுதையோடு நடக்க வருபவர்கள் பெருகிவிட்டார்கள். கழுதைக்கும் புல்வெளி உண்டா என்று ஹோட்டலில் கேட்டுவிட்டே பதிவு செய்கிறார்கள். மற்றவர்களின் பெட்டிகள் வேனில் முந்திப்போய் அடுத்த ஹோட்டலில் காத்திருக்கும்.

சேன்-ஜான்-து-காரில் ஸ்டீவன்சன் மொடஸ்டீனைச் சேணத்தோடு 35 பிராங்குக்கு விற்றுவிட்டு, அலேஸுக்குக் குதிரை வண்டி ஏறினார். இப்போது யாரும் விற்பதில்லை. வாடகைக் கழுதையை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலேஸிலிருந்து ரயில் பிடிக்கிறார்கள்.