பொது விசுவாசத்தின் செப்புக் காசு

பழங்காசு சேர்ப்பதை வீண் பொழுதுபோக்கு என்பார் உளர். பொன்னும் வெள்ளியும் சேர்ப்போர் செல்வம் சேர்க்கின்றனர். செம்பைச் சேர்ப்போரோ எளியோரின் வரலாற்றைச் சேர்க்கின்றனர் என்போம் நாம். வடபுலத்துச் சுவீடன் நாட்டுச் செப்புக் காசுகள் இதற்கு நற்சான்று.

அந்நாட்டில் வெள்ளி அரிது. பாலூன் சுரங்கத்திலோ செம்பு மிகுதி. காசின் மதிப்பு அதன் உலோகத்திலேயே அமைதல் வேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை. ஆதலின், பின்னாளில் கத்தோலிக்க மறை தழுவி உரோமையில் மறைந்த கிறிஸ்தீனா அரசியின் ஆட்சியில், 1644-ஆம் ஆண்டு, 10 தாலர் மதிப்புள்ள செப்புத் தகடு வெளிவந்தது. அதன் எடை ஏறத்தாழ 20 கிலோ! நான்கு மூலைகளிலும் நடுவிலும் முத்திரை பதித்த அத்தகட்டை மடியில் முடிந்துகொள்வது எங்ஙனம்? இத்தொல்லையே 1661-இல் ஐரோப்பாவின் முதல் வங்கித்தாள்கள் ஸ்டாக்ஹோமில் பிறக்க வழிகோலிற்று. கைப்பொருளை மிஞ்சித் தாள்களை வழங்கிய அவ்வங்கியும் விரைவில் நொடித்தது.

ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது அப்பெருந்தகடன்று. சில கிராமே எடையுள்ள சிறு காசு. பன்னிரண்டாம் சார்லசு மன்னரின் ஓயாத போர்களால் கருவூலம் வறண்டது. 1715 முதல் 1719 வரை, ஒரு வெள்ளித் தாலர் பெறும் என்ற ஆணையுடன் செப்புத் துண்டுகள் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டன. 1716-ஆம் ஆண்டுக் காசில் இலத்தீனில் உள்ள சொற்கள் 'புப்ளிக்கா பீதே'. அதாவது, 'பொது விசுவாசத்தால்'. உழவனும் போர்வீரனும் அச்சொல்லை நம்பியே உழைப்பின் பயனாக அதனைப் பெற்றனர். 1718-இல் மன்னர் போர்க்களத்தில் குண்டடிபட்டு மாண்டார். நிதியை நடத்திய கெர்ட்சு பிரபு 1719-இல் தலை துணிக்கப்பட்டார். காசின் மதிப்பும் வீழ்ந்தது. வாக்களித்தோர் மறைந்தனர், இழப்போ ஏழையின் தலையில் விழுந்தது. அத்தொடரின் இறுதிக் காசு தாங்கிய பெயர் யாது தெரியுமா? 'நம்பிக்கை'!

மிகுதியாக அச்சிடப்பட்டமையால் இக்காசுகள் இன்றும் எளிய விலைக்குக் கிட்டுகின்றன. சேர்க்க விழைவோர்க்கு ஒரு சொல்: செப்புக் குடத்தைப் போல் புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள். காலம் பூசிய பழுப்பு நிறமே அதன் காப்பு. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்போர் விரும்பார்.

செம்பிலேறிய களிம்பு புளிக்குப் போகும். சொல்லிலேறிய களிம்பு எதற்கும் போகாது. நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறித்த நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர் போலும்.