அல்லிநகரத்து வீரப்ப ஐயனார்

தேனி நேரு சிலையருகே மதுரை, கம்பம், பெரியகுளம் சாலைகள் மூன்றும் கூடுகின்றன. பெரியகுளம் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், கடைவீதி முடிவதற்குள்ளேயே அல்லிநகரம் வந்துவிடும். தேனி எங்கே முடிந்தது, அல்லிநகரம் எங்கே தொடங்கியது என்று வெளியூர் அன்பர்களால் சொல்ல இயலாது.

அல்லிநகரம் பழைய வேளாண் கிராமம். திரைப்பட இயக்குநர் பாரதிராஜா பிறந்த மண். தேனியோ சந்தையாலும் சாலையாலும் வளர்ந்த ஊர். கம்பம் பள்ளத்தாக்கின் விளைபொருளும் மலைமேல் விளையும் ஏலக்காயும் கீழிறங்கி மதுரைக்குப் போகும் வழியில் அது அமைந்திருந்தது. 1928-இல் மதுரை–போடி ரயில் பாதை திறக்கப்பட்டபின் அதன் வளர்ச்சி விரைவு கொண்டது. 1996-இல் மதுரை மாவட்டத்தைப் பிரித்தபோது புதிய மாவட்டமும் தேனியின் பெயரையே பெற்றது. நகராட்சிக்கு மட்டும் இன்றும் 'தேனி-அல்லிநகரம்' என்றே பெயர். 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 94 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அவர்களுள் எத்தனை பேர் தம் ஊரை அல்லிநகரம் என்று சொல்வார்களோ! வங்கியில் பணிபுரிந்த எனக்கு முகவரிகளைக் கூர்ந்து படிக்கும் பழக்கம் உண்டு. தந்தையின் கணக்கில் 'அல்லிநகரம்' என்றிருக்கும். மகனின் கணக்கில் 'தேனி' என்பதோடு முடிந்துவிடும்.

ஆனால் சித்திரை முதல் நாளில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஊருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வீரப்ப ஐயனார் கோயில் கொண்டிருக்கிறார். அன்று அவருக்குத் திருவிழா. பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்களும் குடும்பத்தோடு வந்து சேர்வார்கள். பால்குடமும் காவடியும் மலையடிவாரம் நோக்கிச் செல்லும். எந்த ஊர்த் திருவிழா என்று கேட்டால், சிறுவன்கூட அன்று 'அல்லிநகரம்' என்றுதான் சொல்வான்.

ஐயனார் எல்லைக் காவலர். கண்மாயையும் வயலையும் காப்பவர் என்று நம் முன்னோர் அவரை ஊருக்கு வெளியே வைத்து வணங்கினர். இங்கோ வயல்கள் பல மனைகளாகிவிட்டன, ஊரெல்லையே கரைந்துவிட்டது. ஆயினும் அவர் மலையடிவாரத்தை விட்டு அசையவில்லை. புதுக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தவர்களும் இப்போது அவரைத் தேடி வருகிறார்கள். அவர்களுடைய குலதெய்வம் வேறெங்கோ இருக்கலாம்; குடியிருக்கும் மண்ணின் காவலர் இவரே.

சித்திரையில் வரும் அன்பர்கள் கம்பம் சாலையில் சுமார் 8 கி.மீ. தொலைவிலுள்ள வீரபாண்டிக்கும் சென்று, முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் தரிசிக்கலாம். மலையடிவாரத்தில் வெயில் ஏறிவிட்டால் முதியோருக்குச் சிரமம். ஐயனாரைக் காலையிலேயே தரிசித்துவிடுவது நல்லது.