மூன்றாவது துளை

பழைய வாடகை வீடுகளில் ஒரு குடும்பம் வெளியேறி மறு குடும்பம் குடியேறுவதற்கு இடைப்பட்ட நாட்களில் தவறாமல் நிகழும் ஒரே சடங்கு பெயிண்ட் அடிப்பதுதான். சுவர் எங்கே முடிகிறது, சுவிட்சுப் பலகை எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் பார்த்து அடிக்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியேறிய அடுக்ககத்தில், கூடத்துப் பிளக் பாயிண்ட் சற்றே புடைத்த ஒரு சதுரமாக மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. அதில்தான் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

துளைக்குள் பெயிண்ட் புகுவது அழகுக்குறைவு மட்டுமன்று. பிளக்கின் கால் உள்ளிருக்கும் உலோகத் தகட்டை முழுமையாகப் பற்றாமல் ஓரிடத்தில் உரசி நிற்கும். அங்கே மின்தடை கூடும். தடை கூடிய இடத்தில் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் பிளக் பாயிண்டின் முகம் நிறம் மாறிக் கருகுவது நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. பெயிண்ட் அந்த எச்சரிக்கையையே மூடிவிடுகிறது.

அதை மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் வயதானவர். வேலை செய்யும் வேறொரு பிளக் பாயிண்டில் டெஸ்டரைச் செருகி அது எரிவதைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெயினை அணைத்துவிட்டு இங்கே சோதித்தார். டெஸ்டர் எரியாததற்கு மின்சாரம் இல்லாதது ஒரு காரணமென்றால், டெஸ்டரே பழுதாயிருப்பது இன்னொரு காரணம் அல்லவா? அடுத்து, பிளேடால் சதுரத்தின் நான்கு ஓரங்களையும் கீறினார். கீறாமல் இழுத்தால் சுவர்ப்பூச்சும் பெயர்ந்து வந்துவிடுமாம். திருகாணித் தலையின் பள்ளத்தைச் சுரண்டியபோது வெளிர்மஞ்சள், ரோஜா நிறம், பச்சை என்று அடுக்கடுக்காக உதிர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்புநிற பேக்லைட். 1909இல் லியோ பேக்லாண்டு காப்புரிமை பெற்ற அந்தச் செயற்கைப் பொருள், ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டில் மீண்டும் உருகாது என்பதால்தான் மின்சாதனங்களுக்குள் நுழைந்தது.

முகப்பைக் கழற்றியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஓட்டை மூணு இருக்கு சார். வயர் ரெண்டுதான் வருது. எர்த்தே இல்ல."

சிவப்பும் கறுப்புமாக இரு கம்பிகள். மூன்றாவது முனை வெறுமையாக இருந்தது. நம்முடைய உருண்டைக் கால் பிளக் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. அவர்கள் 1947இல் தட்டைக் கால்களுக்கு மாறத் தொடங்கினார்கள். நாம் இதையே வைத்துக்கொண்டோம். இதில் மேலிருக்கும் எர்த் கால் மற்ற இரண்டையும்விடத் தடித்தது, நீண்டது. செருகும்போது அது முதலில் இணைய வேண்டும். பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும். அத்தனை யோசித்து அமைத்த அந்தக் கால், எங்கள் சுவரில் வெறும் பொந்துக்குள் போய் நின்றிருக்கிறது. ஃபிரிட்ஜின் உள்ளே ஒரு கம்பியின் உறை பழுதுபட்டு அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறினால், எர்த் வழியே மண்ணுக்குப் பாய்ந்து பியூஸைப் போக்கிவிடும். எர்த் இல்லாத வீட்டில், தொடுகின்ற மனிதரே அந்த வழி.

என்னை உலுக்கியது இன்னொன்று. குடிவந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டு மாமி என் அம்மாவுக்கு ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார்: ஃபிரிட்ஜைத் திறக்கும்போது ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 'சுருக்'கென்னும். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு பழுது பல ஆண்டுகளாக யாராலும் பழுதென்று பார்க்கப்படாமல், கோலம் போடுவதைப் போல ஒரு வீட்டுப் பழக்கமாகிக் கைமாறியிருக்கிறது. சுவரின் மீது மட்டுமல்ல, அச்சத்தின் மீதும் நாம் பெயிண்ட் அடித்துக்கொள்கிறோம்.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்றார் வீட்டுக்காரர். ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அந்தச் செருப்புகள்தான் என்று விளக்கிய பிறகு, செலவில் பாதியை ஏற்க ஒப்புக்கொண்டார். மண்ணில் எர்த் குழாய் பதித்து, பச்சைக் கம்பி இழுத்து, மெயின் அருகே கசிவைக் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றும் பொருத்தப்பட்டது. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தாலே அது இணைப்பை அறுத்துவிடும்.

அன்று மாலை மாமி எலெக்ட்ரீஷியனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். சுவரைக் காட்டி அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த ஓட்டைக்குப் பின்னாடி கம்பி இருக்கா, பாருங்கோ."