அட்டைக் கஅபாவும் அடைத்த சன்னல்களும்

2023ஆம் ஆண்டு எங்கள் மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவுக்காகக் கஅபாவின் மாதிரி ஒன்றைச் செய்து வைக்கப் பிள்ளைகள் விரும்பினார்கள். கஅபத்துல்லாஹ்வின் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் 65 செ.மீ. வரும். மளிகைக் கடைகளில் கேட்டு வாங்கிய பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, இரண்டிரண்டாக ஒட்டிக் கனமாக்கிச் சுவர் எழுப்புவதென்று முடிவு செய்தோம்.

ஒட்டும் வேலை எனக்குப் புதியதன்று. அரபிக் கல்லூரியில் ஓதிய நாள்களில், கிழிந்த கிதாபுகளுக்கு அட்டை கட்டும் பொறுப்பை எங்கள் உஸ்தாத் என்னிடம் தந்திருந்தார்கள். மைதா மாவைக் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயில் கிண்டி, பூச்சி அரிக்காதிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்போம். அது நஞ்சு, கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதே என்று ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார்கள். ஒருமுறைகூட மறந்ததில்லை.

பின்னர் கலைக் கல்லூரியில் வரலாறு பயின்றபோது, அந்தப் பசையின் மீது எனக்கு மதிப்பு மிகுந்தது. மரப்பலகைக்குப் பதிலாகத் தாள்களை அடுக்கி ஒட்டிய அட்டையில் நூல் கட்டும் முறை முஸ்லிம் நாடுகளில் தழைத்த பின்னரே ஐரோப்பாவில் பரவியது. 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் ஆட்சி புரிந்த முஇஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்னும் நூலில், மை காய்ச்சும் முறைகளோடு நூல் கட்டும் கலைக்கும் ஓர் இயல் உண்டு. அரசர் ஒருவரின் பெயர் தாங்கிய நூல் அட்டையையும் பசையையும் பற்றிப் பேசுகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி!

ஆயினும் மாவுப் பசைக்கு ஒரு குறை உண்டு. அதிலுள்ள நீரை உறிஞ்சி அட்டையின் ஒரு பக்கம் ஊதும். உலரும்போது அது சுருங்க, அட்டை வில்லாக வளையும். பாரம் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். விழாவுக்கோ நான்கு நாள்களே இருந்தன. அவ்வேளையில், விளம்பரப் பலகைத் தொழில் செய்யும் மாணவர் ஒருவரின் தந்தை, ஸ்பிரே பசை டப்பாக்கள் இரண்டைக் கொடுத்தனுப்பினார்.

உண்மையில் அது வியப்பான பொருள்தான். இரு அட்டைகளிலும் மெல்லிய வலைபோல் தெளித்து, ஓரிரு நிமிடம் பொறுத்து, விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நீரில்லாததால் அட்டை வளைவதில்லை. ஆனால் வைத்தது வைத்ததுதான். கோணிப்போனால் நகர்த்த இயலாது. இடையில் ஒரு தாளை வைத்து, ஓரத்தைப் பொருத்திக்கொண்டு, தாளைச் சிறிது சிறிதாக உருவும் வழியைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

மஃரிபுக்குப் பின் வேலையைத் தொடங்கினோம். வெளியே மழை. காற்றில் பசை சிதறியதால் சன்னல்களை அடைக்கச் சொன்னேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். டப்பாவின் மேலிருந்த சிறிய எழுத்துகளை நான் படிக்கவில்லை. ஓதலில் ஒரு மத்து குறைந்தாலும் நிறுத்தித் திருத்துகிறவன் நான்!

அந்தப் பசை ஹெக்சேன், அசிட்டோன் போன்ற கரைப்பான்களில் கரைக்கப்படுவது. அதை வெளியே தள்ளுபவை பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்கள். நம் அடுப்பில் எரிபவையும் அவையே. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை நோக்கி இறங்கித் தேங்கும். நான் மேசையருகே நின்று தெளித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கீழே பாயில் அமர்ந்திருந்தார்கள்.

அன்று வியாழன். மஃரிபுக்குப் பின் ஊதுபத்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். தீப்பெட்டி மழையில் நமுத்திருந்தது. இரண்டு குச்சிகள் பற்றாமல் போகவே விட்டுவிட்டேன். யா அல்லாஹ்! அதற்குமேல் நினைக்க மனம் துணியவில்லை.

ஹத்தீமுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தோள்கள் ஏறி இறங்குவதை அரைமணி நேரம் கழித்தே கண்டேன். “என்ன வாப்பா?” என்றேன். அவனால் பேச இயலவில்லை. அவனுக்கு இளைப்பு உண்டென்று, சேர்க்கும்போதே அவன் தாயார் என்னிடம் சொல்லியிருந்தார். நான் மறந்திருந்தேன்.

தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடினேன். ஒரு மாணவன் மழையில் ஓடி, அவன் தாயாரையும் உறிஞ்சு மருந்தையும் அழைத்து வந்தான். அதுவும் டப்பாவிலிருந்து அழுத்தத்தில் பீறிடும் மருந்துதான். பின்னர் மருத்துவமனை. இரவு பதினொரு மணிக்கு மூச்சு சீரானது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தாய் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகனிடம்தான் கேட்டார்: “மூச்சு முட்டினா எந்திரிச்சு வெளியே வந்திருக்கலாமில்ல?”

“ஹஜ்ரத் முன்னாடி கேக்காம எந்திரிக்கக் கூடாதும்மா. ஹஜ்ரத் வேலையா இருந்தாங்க.”

மதரஸாவில் சேர்ந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொடுத்த அதபு அது. அவன் பிழையின்றி மனனம் செய்திருந்தான்.

மறுநாள் டப்பாக்களை மொட்டை மாடிக்குக் கொண்டு சென்றேன். காற்றுக்கு முதுகு காட்டி நான் மட்டும் தெளித்தேன். வாடை போனபின்பே அட்டைகள் கீழே இறங்கின. ஹத்தீமை மட்டும் அந்தச் சிறுவன் வீட்டிலேயே செய்தான். உம்மா மைதாப் பசை கிண்டிக் கொடுத்தாராம். உலர்ந்தபோது அட்டை வளைந்துவிட்டது. ஹத்தீம் அரைவட்டச் சுவரல்லவா? எனவே பொருத்தமாகவே அமைந்தது.

விழா முடிந்த மறுநாள் பிள்ளைகளிடம், “மூச்சு முட்டினாலோ வயிறு வலித்தாலோ யாரையும் கேட்க வேண்டாம், எழுந்து வெளியே போய்விடுங்கள்” என்று அறிவித்தேன். அன்று மாலையே மூவருக்கு வயிற்று வலி வந்தது. வாசலில் சுண்டல்காரரின் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. பார்த்தும் பாராததுபோல் பாடத்தைத் தொடர்ந்தேன்.