60 வெள்ளிப் பெயர்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருஷம் சில்லர் பராமரிப்பு டெக்னீஷியனாக இருந்தேன். 1972-இல் மலேசியாவின் முதல் சுதந்திர வர்த்தக வலயமாகத் தொடங்கிய இடம் அது. என் அம்மாவும் அங்கேதான் மைக்ராஸ்கோப்பில் கண்வைத்து ஷிப்ட் வேலை பார்த்தார். அதே கேட்டுக்குள் குத்தகைக்காரனாக நுழைய ஆசைப்பட்டு வேலையை விட்டேன்.

நிறுவனப் பதிவகமான எஸ்.எஸ்.எம்.மில் தொழிலைச் சொந்தப் பெயரில் பதிய வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வர்த்தகப் பெயரென்றால் 60. 'எண்டர்பிரைஸ்' என்று முடியும் பெயருக்காக 60 கட்டினேன். ரப்பர் சாப் செய்தேன், சட்டையில் பெயர் தைத்தேன். சொந்தக்காரர்கள், "தம்பி கம்பெனி தொறந்துட்டான்" என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

எட்டாவது மாதம், நான் மாட்டிய குழாய் இணைப்பு ஒன்று இரவில் கழன்றது. தண்ணீர் நேராகக் கீழிருந்த மின்பலகைக்குள் இறங்கியது. நான் சரியாக முறுக்கவில்லை, தவறு என்னுடையதுதான். 23,000 வெள்ளி நஷ்டஈடு கேட்டுக் கடிதம் வந்தது. தொழில் கணக்கில் 4,000 கூட இல்லை. 'இருப்பதைக் கொடுத்துவிட்டு எண்டர்பிரைஸை மூடிவிடலாம்' என்றுதான் கணக்காளரிடம் போனேன்.

"அண்ணே, எண்டர்பிரைஸ்னு தனியா ஒரு ஆள் கிடையாது. சட்டத்துக்கு அதுவும் நீங்கதான். மூடினாலும் கடன் உங்க தலையிலதான். வீடு, வேன், சேமிப்பு எதுவும் அதுக்குத் தப்பாது" என்றார் அவர்.

கடனைத் தன்னோடு நிறுத்தி உரிமையாளரின் சொத்தைக் காக்கும் தனியார் நிறுவனம்தான் சென்டிரியான் பெர்ஹாட். அதைத் தொடங்க இரண்டு பேர் வேண்டும் என்ற பழைய பேச்சை நம்பி, நான் அதை விசாரிக்கவே இல்லை. 2017 ஜனவரி இறுதியில் நடப்புக்கு வந்த புதிய நிறுவனச் சட்டப்படி ஒருவரே இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். செலவு உண்டு: பதிவுக்கு 1,000 வெள்ளி, முப்பது நாளுக்குள் செயலாளர், வருஷா வருஷம் கணக்கறிக்கை. வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். என் கை செய்த கவனக்குறைவுக்கு என்மீதே வழக்கு வரவும் இடமுண்டு. அதனால் பொதுப் பொறுப்புக் காப்புறுதியைத்தான் முதலில் எடுத்தேன், சென்டிரியான் பெர்ஹாட் பதிந்தது பிறகு. வீடுகளில் ஏர்கான் கழுவுகிறவருக்கு 60 வெள்ளிப் பதிவே போதும் என்று இன்றும் சொல்வேன். லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஸ்பானர் பிடிக்கிறவருக்குச் சொல்லமாட்டேன்.

அந்த நஷ்டஈட்டைத் தவணை பேசி, பதினான்கு மாதத்தில் கட்டி முடித்தேன். முதல் தவணைக்கு என் மனைவி ஒன்றும் கேட்காமல் நான்கு வளையல்களைக் கழற்றித் தந்தாள். அடகுக்கடையிலிருந்து மூன்றைத்தான் மீட்க முடிந்தது.