தம் போட்டால் டென்ஷன் குறையுமா, தம்பி?

"டென்ஷன் தாங்கலை தாத்தா, அதுக்குத்தான் பிடிக்கிறேன்" என்று என் பேரன் வயதுப் பையன்கள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. நைட் ஷிப்ட், மாதத் தவணை, டார்கெட், வீட்டில் கல்யாணப் பேச்சு என்று நெருக்கடி நாலு பக்கமும் இருக்கிறது. நானும் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவன், பீடியில் ஆரம்பித்து சிகரெட்டுக்குப் போய், பிறகு அதையும் விட்டவன். ஒரு இழுப்பு இழுத்ததும் நெஞ்சு லேசாவது நிஜம்தான். ஆனால் தம்பி, அப்படி லேசாகிற அந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கவனித்துப் பார்.

புகையை இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகிவிடும். அது இறங்க இறங்க எரிச்சல் வரும், வேலையில் மனம் நிற்காது, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது. அடுத்த சிகரெட் அந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. மேனேஜர் திட்டியது அப்படியே இருக்கிறது, தவணையும் அப்படியே இருக்கிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இது. கவலையால் வரும் பதற்றமும் நிக்கோட்டின் இறங்குவதால் வரும் பதற்றமும் உடம்பில் ஒரே மாதிரி இருப்பதால், எது எது என்று நமக்குப் பிரித்துத் தெரிவதில்லை.

2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றுமே, தொடர்ந்து பிடிப்பவர்களைவிடக் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்தவர்களிடமும் அப்படித்தான். 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 102 ஆய்வுகளை வைத்துப் பார்த்தபோதும் விடை மாறவில்லை. அதில் ஒன்றைக் கவனி: அவர்கள் கணக்கெடுத்தது, விட்டு ஆறு வாரமாவது ஆன பிறகு. முதல் சில வாரம் பதற்றம் கூடத்தான் செய்யும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். பெரும்பாலோர் அங்கேதான், "எனக்கு இது சரிப்படாது" என்று திரும்பிவிடுகிறார்கள்.

ஏக்கம் எப்போது ஏறுகிறது என்பதற்கு மில்லில் பார்த்ததைச் சொல்கிறேன். பஞ்சு பறக்கிற இடம், பொறி விழுந்தால் போச்சு. அதனால் பீடியும் தீப்பெட்டியும் கேட்டிலேயே வாட்ச்மேனிடம் போய்விடும். உள்ளே எட்டு மணி நேரம். ரிங் பிரேமுக்கு நடுவே அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு நடக்கிற ஆளுக்குப் பீடி ஞாபகமே வராது. சங்கு ஊதக் கால் மணி நேரம் இருக்கும்போது அதே ஆள் காலிச் சட்டைப் பையைத் தடவ ஆரம்பிப்பார். வெளியே டீக்கடைத் தூணில் கட்டியிருக்கும் கயிற்றின் நுனியில் தீ கனன்றுகொண்டிருக்கும். நாலைந்து தலை ஒரே நேரத்தில் அதில் குனியும்.

இஸ்ரேலில் விமானப் பணியாளர்களை வைத்து 2010-இல் வந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. குறைந்த நேரப் பயணமோ நெடும் பயணமோ, இறங்கும் நேரம் நெருங்கும்போதுதான் அவர்களுக்கு ஏக்கம் ஏறியது. எத்தனை மணி நேரம் பிடிக்காமல் இருந்தார்கள் என்பதைவிட, எப்போது பிடிக்க முடியும் என்பதே பெரிதாக இருந்தது. உன் விஷயத்திலும் இடமும் நேரமும் பாதி வேலை செய்கின்றன. ஆகையால் கொஞ்ச நாளைக்கு, நீ வழக்கமாகத் தம் போடுகிற கடைப் பக்கம் போகாதே. பழகிய கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டீ, காபி பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிகரெட் புகையில் இருக்கும் தார், கல்லீரல் காபீனைக் கரைக்கிற வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். நீ குடிப்பது வழக்கமான அதே ஐந்து டம்ளர்தான், ஆனால் ரத்தத்தில் தங்குகிற காபீன் முன்பைவிட நிறைய. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ராத்திரி தூக்கம் பிடிக்காது. சிகரெட் இல்லாமல் இருக்க முடியவில்லை என்று நீ நினைத்துக்கொள்வாய். விடுகிற அன்றைக்கே டீ, காபியைப் பாதியாக்கு. சாயங்காலத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

சிகரெட்டை விட்டாலும், வேலைக்கு நடுவே எடுக்கிற பிரேக்கை மட்டும் விட்டுவிடாதே. ஏ.சி. அறையை விட்டு ஐந்து நிமிஷம் வெளியே நின்றாய், மெதுவாக மூச்சை உள்ளே இழுத்து நீளமாக விட்டாய், நண்பனோடு இரண்டு வார்த்தை பேசினாய். உனக்கு ஆறுதல் தந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றை வைத்துக்கொள், கையில் இருப்பதை மட்டும் விடு. ஏக்கம் அலையாக வந்தால் சில நிமிஷம்தான், தானாக இறங்கிவிடும். வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே சொல்லிவிடு: ரெண்டு வாரம் சிடுசிடுப்பேன், பொறுத்துக்கொள் என்று. சொல்லாமல் சிடுசிடுத்தால் அதனால் ஒரு சண்டை வரும், அந்தச் சண்டைக்கு ஒரு சிகரெட் தேவைப்படும்.

மன உறுதியை மட்டும் நம்பி இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் தொண்டை எரியும், விக்கல் வரும். கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வை. காரம் போனதும் திரும்ப மெல். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபியோ ஜூஸோ குடிக்காதே, குடித்தால் அது சரியாக உள்ளே இறங்காது. சிகரெட் பாக்கெட்டிலேயே, விட நினைப்பவர்களுக்கு உதவும் எண் 1800-11-2356 என்று அச்சிட்டிருக்கும். காசில்லாத எண், தமிழிலும் பேசலாம். கூப்பிடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தம்பி.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாண்டியும் பதற்றம் குறையவில்லை என்றால், அது சிகரெட் கொண்டுவந்த பதற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. புகைக்குப் பின்னால் அது முன்பே இருந்திருக்கலாம். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் பேசு, அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடு. ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுகிறவனாக இருந்தால், சிகரெட்டை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு. காபீனுக்குச் சொன்ன அதே கதைதான் க்ளோசபின், ஒலான்சபின் போன்ற மாத்திரைகளுக்கும். புகை நின்றால் அவை உடம்பில் அதிகம் தங்கும். அளவை எவ்வளவு குறைப்பது என்று அவரே பார்த்துச் சொல்வார்.