உயிரணு நிற்கும் தளம்

உயிரணு என்பது சாறு நிறைந்த பை என்றே நாம் படித்தோம். மாணவர்க்கும் அவ்வாறே உரைத்தோம். அப்பைக்குள் புரத இழைகளாலான சட்டகம் உண்டென்பதும், அது தான் பற்றிய தளத்தை ஓயாது இழுக்கிறதென்பதும் பின்னரே விளங்கின.

அவ்விசையை அளப்பது எங்ஙனம்? 2003-இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் சென் குழுவினர் சிலிக்கோன் ரப்பரில் மைக்ரோமீட்டர் அளவுத் தூண்களை வார்த்து, அவற்றின்மேல் உயிரணுவைப் படரவிட்டனர். அது இழுக்கத் தூண்கள் வளைந்தன. வளைந்த அளவே விசையைக் காட்டிற்று.

2006-இல் டென்னிஸ் டிஷர் குழுவினர் கண்டது மேலும் வியப்பு: ஒரேவகைக் குருத்தணுக்கள் மென்மையான தளத்தில் நரம்பணுவையும், விறைப்பான தளத்தில் எலும்பணுவையும் ஒத்து வளர்ந்தன.

மாணவரைக் குறைகூறிய நாள்கள் நம் நெஞ்சை உறுத்துகின்றன. அவர் நிற்கும் தளத்தை நாம் எண்ணிப் பார்த்தோமா? வல்ல இறைவன் உயிரணுவில் பொதிந்துவைத்த பாடம் இது.